செப்பு வாஷருக்குக் கீழே

1

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஒரு குழியின் பாறைச் சுவரில், அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறையினர் ஒரு செப்பு வாஷரைப் பொருத்தினார்கள். குழாய் மாட்டும்போதும் போல்ட் முடுக்கும்போதும் போடுகிறோமே, அந்த வாஷர்தான். குழியில் இருக்கும் தண்ணீர் அந்த வாஷருக்கு எத்தனை அடி கீழே நிற்கிறது என்று அவ்வப்போது அளந்து எழுதி வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆறு வருடம் அந்தக் குறிப்பேட்டில் செய்தி என்று எதுவும் இல்லை. பருவத்துக்கேற்ற சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் தவிர, தண்ணீர் வாஷருக்கு 1.2 அடி கீழே அப்படியே நின்றது. பிறகு 1969இல் 2.3 அடி. 1970இல் 3.17. 1971இல் 3.48. 1972இல் 3.93.

இந்த எண்கள் எல்லாம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இடம்பெற்றிருக்கின்றன. நான்கு வருடத்தில் இறங்கிய தண்ணீர் மூன்றடிகூட இல்லை. கிணற்று நீரையோ போர்வெல்லையோ நம்பி வாழ்ந்த எவருக்கும் இது ஒரு கோடைக்கால விஷயம். அதற்காக உச்ச நீதிமன்றம்வரை ஏன் போனார்கள்? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்தப் பாலைவனம் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2

அந்தக் குழிக்குப் பெயர் டெவில்ஸ் ஹோல். டெத் வேலிக்குக் கிழக்கே, ஆஷ் மெடோஸ் என்ற இடத்தில், ஒரு சுண்ணாம்புப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் பாறையில் ஒரு பிளவு. அதன் அடியில் ஒன்றிரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் அளவுக்கு ஒரு நீர்ப்பரப்பு. வருடம் முழுக்கத் தண்ணீர் 33, 34 டிகிரி செல்சியஸில் வெதுவெதுப்பாக இருக்கும். முக்குளிப்பவர்கள் 130 மீட்டருக்கும் கீழே போய்ப் பார்த்திருக்கிறார்கள். அடி தெரியவில்லை.

அந்தத் தண்ணீரின் ஒரு ஓரத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறிய அறையின் தரை அளவுக்கு ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. வெயில் படும் இடம் அதுதான். அதனால் பாசி வளர்கிறது. அந்தப் பாசியை நம்பி, சுண்டுவிரலின் பாதி நீளம்கூட இல்லாத நீல நிற மீன்கள் வாழ்கின்றன. டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இந்த மீன் கிடையாது. 1930இல் இதைத் தனி இனமாக விவரித்தபோது வைத்த அறிவியல் பெயரிலும் சாத்தான் வந்து உட்கார்ந்துகொண்டான்: சிப்ரினோடான் டயபோலிஸ்.

ஆஷ் மெடோஸில் ஆண்டுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் மழைதான். பக்கத்து டெத் வேலியில் அதிலும் பாதி. ஆனால் ஆஷ் மெடோஸில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியதான கிரிஸ்டல் ஊற்றிலிருந்து மட்டும் நிமிடத்துக்குச் சுமார் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் வருகிறது. தெற்குப் பையூட், டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு இது பூர்வீக நிலம். வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் இந்த ஊற்றுகளைச் சார்ந்து வாழ்ந்தார்கள்.

பத்து சென்டிமீட்டர் மழைக்கு இவ்வளவு தண்ணீர் எப்படி? மேலே விழுகிற மழைக்கும் கீழிருந்து வருகிற தண்ணீருக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. அப்படியென்றால் தண்ணீர் வேறெங்கிருந்தோ வருகிறது.

3

ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு நெவாடாவின் பெரும்பகுதி ஆழமில்லாத வெப்பக்கடல். அதன் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சுண்ணாம்பும் டோலமைட்டும் அடுக்கடுக்காகப் படிந்தன. பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்த அந்தக் கடலடித் தரைதான் இன்றைக்கு இந்தப் பாலைவனத்தின் முதுகெலும்பு.

பின்னர் அந்த நிலம் இழுபட ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையிலிருந்து யூட்டாவின் வாசாட்ச் மலைவரை உள்ள மேலோடு, கடந்த சுமார் 1.7 கோடி ஆண்டுகளில் கிழக்கு மேற்காக நீண்டு, சில பகுதிகளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாகியிருக்கிறது. சப்பாத்தி மாவை இழுத்தால் மெலிந்துகொண்டே போகும். பாறையின் மேல்பகுதி குளிர்ந்து இறுகிய பொருள். அது மாவு மாதிரி நீளாது, உடையும். உடைந்த கோடுகளைப் புவியியலாளர்கள் ஃபால்ட் என்கிறார்கள், நாம் பிளவு என்போம். பிளவின் ஒரு பக்கத்துப் பாறை சரிந்து இறங்கியது, மறுபக்கம் எழும்பி நின்றது. இறங்கியது பள்ளத்தாக்கு, எழும்பியது மலைத்தொடர். இப்படியே மாறி மாறி மேற்கிலிருந்து கிழக்கு வரை, வடக்கு தெற்காக நீண்ட மலைகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும். இந்தப் பிரதேசத்துக்குப் பெயரே பேசின் அண்ட் ரேஞ்ச், அதாவது படுகையும் மலையும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஜி.கே. கில்பர்ட். 1870களில் அரசாங்க அளவைக் குழுவோடு அவர் இங்கே வந்தபோது, மலைகள் என்றால் துணியை மடித்த மாதிரி பாறை மடிந்து எழுந்தவை என்பதே பொதுவான நம்பிக்கை. அமெரிக்காவின் கிழக்கே உள்ள அப்பலாச்சியன் மலை அப்படித்தான் இருந்தது. இங்கே மலையடிவாரங்கள் ரம்பத்தால் அறுத்த மாதிரி நேராக இருப்பதைக் கில்பர்ட் பார்த்தார். இவை மடிந்தவை அல்ல, பிளவுகளை ஒட்டி எழுந்த பாறைத் துண்டங்கள் என்றார்.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதற்கு டெத் வேலியே உதாரணம். பள்ளத்தாக்கின் தரையில் பேட்வாட்டர் என்ற இடம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அங்கிருந்தபடி மேற்கே நிமிர்ந்து பார்த்தால் 3,366 மீட்டர் உயர டெலஸ்கோப் சிகரம். நாம் பார்க்கிற பள்ளத்தாக்குத் தரையும் உண்மையான அடித்தளம் அல்ல. மலைகளிலிருந்து லட்சக்கணக்கான ஆண்டுகளாக அடித்துக்கொண்டு வரப்பட்ட சரளை, மணல், வண்டல், உப்பு எல்லாம் நிரம்பிய மேல்பரப்பு அது. இப்படி நிரம்பிய பள்ளத்தைத்தான் படிவுப் படுகை என்கிறோம்.

நெவாடாவின் பெரும்பாலான படுகைகளிலிருந்து எந்த ஆறும் கடலுக்குப் போவதில்லை. மழை பெய்தால் தண்ணீர் பள்ளத்தின் நடுவுக்கு ஓடி, தேங்கி, ஆவியாகி, வெள்ளை உப்புத் தரையை விட்டுப்போகும். ஒவ்வொரு படுகையும் தனித்தனிக் கிண்ணம் மாதிரி. நிர்வாகமும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் படுகையில் இவ்வளவு தண்ணீர், அதில் இன்னாருக்கு இவ்வளவு என்று படுகைவாரியாகக் கணக்கு.

கிண்ணத்தின் அடியில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தது அணுகுண்டு.

4

ஆஷ் மெடோஸுக்கு வடக்கே நெவாடா அணுகுண்டுச் சோதனைத் தளம். 1951 முதல் 1992 வரை 928 சோதனைகள், அவற்றில் 828 நிலத்துக்கு அடியில். செப்பு வாஷர் பொருத்தப்பட்ட அதே 1962இல்தான், டெவில்ஸ் ஹோலுக்கு வடக்கே சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி யக்கா ஃப்ளாட் என்ற படுகையில், செடான் சோதனை 390 மீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளத்தைத் தோண்டியது. நிலத்தடியில் குண்டு வெடித்தால் கதிரியக்கப் பொருள்கள் நிலத்தடி நீரில் கலக்கும். அந்த நீர் எங்கே போகும்? அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் தேவைப்பட்டது. ஐசக் வினோகிராட், வில்லியம் தார்டார்சன் என்ற இரண்டு நீர்ப் புவியியலாளர்கள் பல வருடம் அதைத் தேடினார்கள். அவர்களுடைய அறிக்கை 1975இல் வெளியானது.

யக்கா ஃப்ளாட்டைப் பார்த்தால் சுற்றிலும் மலை, நடுவில் காய்ந்த ஏரித்தரை. மூடிய கிண்ணம். தண்ணீர் வெளியேற வழியில்லை என்றால் காலப்போக்கில் நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்திருக்க வேண்டும். ஆனால் துளையிட்டுப் பார்த்தால் தண்ணீர் பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதிலும், மேலே உள்ள படிவுகளில் நீர்மட்டம் சற்று உயரமாகவும் அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையில் தாழ்வாகவும் இருந்தது. அதாவது தண்ணீர் கீழ்நோக்கி இறங்கி, சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து, பக்கவாட்டில் எங்கோ போகிறது. படுகையும் மலையும் மாறி மாறி இருப்பது மேலே மட்டும்தான். அடியில் அந்தப் பழைய கடல்தரை ஒன்றோடொன்று தொடர்பு விடாமல் கிடக்கிறது. நிலம் இழுபட்டபோது அது நொறுங்கி விரிசல் விட்டது. விரிசல்கள் வழியே ஓடிய தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்து வழியை இன்னும் அகலமாக்கியது.

கிழக்கே ஸ்ப்ரிங் மலைத்தொடரில் 3,632 மீட்டர் உயரமுள்ள சார்ல்ஸ்டன் சிகரத்தைச் சுற்றிப் பனி பெய்கிறது. உருகும் பனி பாறைக்குள் இறங்குகிறது. வடக்கேயும் வடகிழக்கேயும் உள்ள படுகைகளிலிருந்து கசிவதும் சேர்ந்துகொள்கிறது. குறைந்தது 11,000 சதுர கிலோமீட்டர் பரப்பின் தண்ணீர் ஒன்றாகி ஆஷ் மெடோஸ் நோக்கி வருகிறது என்று வினோகிராடும் தார்டார்சனும் கணித்தார்கள். ஆழத்தில் பயணம் செய்து வருவதால்தான் வெதுவெதுப்பு.

ஏன் ஆஷ் மெடோஸில் மேலே வர வேண்டும்? அங்கே இன்னொரு பிளவு இருக்கிறது. மேலே பெரிதாக அடையாளம் இல்லை. ஈர்ப்புவிசை அளவீட்டில் தெரியவந்ததால் அதன் பெயரே கிராவிட்டி ஃபால்ட். அதன் மேற்குப் பக்கம் கீழே இறங்கி, களிமண்ணும் வண்டலுமாக நிரம்பிக் கிடக்கிறது. தாராளமாகத் தண்ணீர் விடும் சுண்ணாம்புப் பாறை, அவ்வளவாகத் தண்ணீர் விடாத களிமண்ணுக்கு நேர் எதிரே வந்து முட்டுகிறது. வழி அடைபட்ட தண்ணீரில் ஒரு பகுதி மேற்கே கசிந்து போகிறது, மீதி மேலே ஏறுகிறது. ஊற்றுகள் சுமார் 16 கிலோமீட்டருக்கு வரிசையாக அமைந்திருப்பது இதனால்தான். வருடத்துக்கு ஏறத்தாழ 2.1 கோடி கன மீட்டர் தண்ணீர் இப்படி வெளியே வருகிறது.

ஆக, பிளவு இங்கே மூன்று வேலை செய்திருக்கிறது. நிலத்தை இறக்கிப் படுகைகளை உண்டாக்கியது. பாறையை நொறுக்கித் தண்ணீருக்குக் குழாய் போட்டது. கடைசியில் அந்தக் குழாய்க்குக் குறுக்கே அணையும் கட்டியது. டெவில்ஸ் ஹோலும் இழுபட்டுத் திறந்த ஒரு விரிசல்தான். நிலத்தடி நீரின் மட்டத்தை எட்டிப் பார்க்க இயற்கை திறந்துவைத்த ஜன்னல்.

5

1952 ஜனவரியில் அதிபர் ட்ரூமன் டெவில்ஸ் ஹோலைச் சுற்றிய 40 ஏக்கரை டெத் வேலி தேசிய நினைவுப் பகுதியோடு சேர்த்தார். அந்த ஆணையிலேயே குளத்தைப் பற்றியும் அதில் மட்டும் வாழும் மீனைப் பற்றியும் குறிப்பு இருந்தது. அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1968இல் அங்கிருந்து இரண்டரை மைல் தள்ளி கப்பார்ட் குடும்பத்தினர் தங்கள் பண்ணையில் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள். 12,000 ஏக்கர் பண்ணை. 4,000 ஏக்கரில் கோதுமை, பார்லி, குதிரைமசால், புல். 1,700க்கும் மேற்பட்ட மாடுகள். எண்பதுக்கும் அதிகமானவர்களுக்கு வேலை. அவர்களை வில்லன்களாக நினைக்க வேண்டியதில்லை. தங்கள் நிலத்தில் போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது, பாலைவனம் பச்சையானது. உலகம் முழுக்க விவசாயிகள் செய்வதைத்தான் செய்தார்கள்.

இரண்டரை மைல் தள்ளி வாஷருக்குக் கீழே தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மட்டம் மூன்றடிக்குக் கீழே போனால் பாறைத் திட்டின் பெரும்பகுதி வெளியே தெரியும். பாசி காயும். மீன் முட்டையிட இடமிருக்காது. ஓராண்டு சுமாருக்கே வாழும் மீன் அது. ஒரு பருவம் தவறினாலே ஆபத்து. செயற்கைத் திட்டு அமைத்து விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். மீன்களை வேறு ஊற்றுகளுக்கு மாற்றிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1969இல் பாலைவன மீன்களுக்காக டெத் வேலியில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு தனி அமைப்பையே தொடங்கினார்கள்.

1971இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 1973இல் மாவட்ட நீதிமன்றம் இறைப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஊர் இரண்டுபட்டது. மீனைக் காப்பாற்றுங்கள் என்று ஸ்டிக்கர் ஒட்டிய கார்களும் மீனைக் கொல்லுங்கள் என்று ஸ்டிக்கர் ஒட்டிய கார்களும் ஒரே சாலையில் ஓடின. இத்துனூண்டு மீனுக்காக எண்பது பேர் பிழைப்பில் மண் போடுவதா என்ற கேள்வியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

1976 ஜூன் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலம் ஒன்றைப் பற்றிய 1908ஆம் ஆண்டின் வின்டர்ஸ் வழக்கிலிருந்து வந்த கொள்கைதான் அடிப்படை: அரசு ஒரு நிலத்தை ஒரு நோக்கத்துக்காக ஒதுக்கும்போது அந்த நோக்கத்துக்குத் தேவையான தண்ணீரும் சேர்ந்தே ஒதுக்கப்படுகிறது. டெவில்ஸ் ஹோலுக்கு அந்த உரிமை 1952இல் வந்துவிட்டது. பண்ணை இறைக்கத் தொடங்கியதோ 1968இல். அந்தத் தண்ணீரை மேலே வாய்க்கால் வெட்டித் திருப்பினாலும் சரி, நிலத்தடியிலிருந்து உறிஞ்சினாலும் சரி, இரண்டும் ஒன்றுதான் என்றது நீதிமன்றம்.

தீர்ப்பில் இன்னொரு விஷயம் முக்கியம். பண்ணை இறைப்பதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பழைய 1.2 அடிக்குத் தண்ணீரைக் கொண்டுவரவும் சொல்லவில்லை. மீன் பிழைக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குத்தான் அரசுக்கு உரிமை. அந்த அளவு கடைசியில் வாஷருக்கு 2.7 அடி கீழே என்று முடிவானது.

வாஷர் 1962இல் பொருத்தப்பட்டிருக்காவிட்டால் இந்த வழக்கு நின்றிருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். மென்பொருள் வேலையில் நாங்கள் அடிக்கடி படுகிற பாடு இது. எல்லாம் ஒழுங்காக ஓடிய காலத்தில் அளந்து வைக்காதவனால், கெட்டுப்போன பிறகு என்ன கெட்டது என்று நிரூபிக்க முடியாது. பண்ணைக்கும் குளத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற தொடர்பு எதுவுமில்லை. சும்மா நின்ற அந்த ஆறு வருடத்து 1.2 அடிதான் சாட்சி.

6

பண்ணை பிறகு கைமாறியது. வாங்கிய நிறுவனம் வீடுகளும் கேளிக்கை விடுதிகளுமாக ஒரு நகரம் கட்டத் திட்டமிட்டது. 1984இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு அந்த நிலத்தை வாங்கி அரசிடம் ஒப்படைக்க, ஆஷ் மெடோஸ் வனவிலங்குப் புகலிடம் உருவானது. உலகில் வேறெங்கும் இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கே இருக்கின்றன.

எல்லா மீனுக்கும் வாஷர் கிடைக்கவில்லை. தெற்கே டெகோபா வெந்நீர் ஊற்றில் இதன் உறவுக்கார மீன் ஒன்று இருந்தது. குளியல் விடுதிகளுக்காக ஊற்றின் ஓட்டத்தை மாற்றினார்கள். 1982இல் டெகோபா பப்ஃபிஷ், அழிந்துவிட்டது என்று சொல்லி அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

டெவில்ஸ் ஹோல் இன்னொரு குறிப்பேட்டையும் வைத்திருந்தது. தண்ணீரிலிருந்த சுண்ணாம்பு அதன் சுவர்களில் கால்சைட்டாக, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் படிந்துகொண்டே வந்திருக்கிறது. 36 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டிலிருந்து வினோகிராட் குழுவினர் 1992இல் ஐந்து லட்சம் ஆண்டுகளின் தட்பவெப்பத்தைப் படித்தார்கள். பனியுகம் முடிந்த தேதி பூமியின் சுற்றுப்பாதைக் கணக்கோடு பொருந்தவில்லை என்று அவர்கள் சொன்னது பல வருட விவாதமானது. 2016இல் ஜினா மோஸ்லி குழுவினர் அருகிலுள்ள இன்னொரு குகையின் மாதிரிகளை வைத்து, பழைய காலக்கணிப்பில் தோரியத்தால் பிழை நேர்ந்திருக்கிறது என்றும் சுற்றுப்பாதைக் கணக்கோடு தேதி பொருந்துகிறது என்றும் காட்டினார்கள்.

அந்தச் சுவர்களில் பழைய நீர்மட்டங்களின் தடமும் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்திலிருந்து இன்றுவரை, சுமார் 20,000 ஆண்டுகளில், தண்ணீர் ஏறத்தாழ 9 மீட்டர் இறங்கியிருக்கிறது. வருடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 1968க்கும் 1972க்கும் இடையே இறங்கியது 80 சென்டிமீட்டருக்கு மேல். வருடத்துக்கு 20 சென்டிமீட்டர். மீன் தாங்கிப் பழகிய வேகத்துக்கும் மோட்டாரின் வேகத்துக்கும் நானூறு மடங்கு வித்தியாசம்.

மோட்டார் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2013இல் எண்ணியபோது 35 மீன்கள்தான். பிறகு மெல்ல மெல்ல ஏறி 2024 வசந்தத்தில் 191. அந்த டிசம்பரில் கலிஃபோர்னியக் கடலோரத்தில் 7.0 அளவிலான நிலநடுக்கம். பல நூறு கிலோமீட்டர் தள்ளி இந்தக் குழியில் அலையடித்தது. பாறைத் திட்டிலிருந்த பாசியையும் முட்டைகளையும் வாரிக்கொண்டு போனது. 2025 வசந்தத்தில் 38. குழியைத் திறந்துவிட்ட அதே நில அசைவுதான் மீனையும் உலுக்குகிறது. அதற்கு எதிராக வழக்குப் போட முடியாது. மனிதர்களால் வருகிற இழப்பையாவது நிறுத்த முடியும், நிறுத்தியிருக்கிறார்கள்.

தண்ணீர் 1968க்கு முந்தைய மட்டத்துக்கு இன்னும் திரும்பவில்லை. ஐம்பது வருடம் ஆகிவிட்டது. நான்கு வருடத்தில் எடுத்ததை மலையுச்சிப் பனி சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் அங்கே நீர்மட்டத்தைச் சொல்வது அந்தச் செப்பு வாஷருக்கு எத்தனை அடி கீழே என்ற கணக்கில்தான்.